வர்ஜீனியா ஆண்கள் கூடைப்பந்து அணியின் 2018-19 சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அணி, எந்த வருஷம்?

அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி. ஊர் ஷார்லட்ஸ்வில். 2018 நவம்பரில் தொடங்கி 2019 ஏப்ரல் 8-ல் முடிந்த சீசன். 38 ஆட்டங்களில் 35-ல் ஜெயித்து, மூன்றில் மட்டும் தோற்று, கடைசியில் தேசிய சாம்பியன் ஆனார்கள். ஆண்கள் கூடைப்பந்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே முதல் தேசியப் பட்டம்.

ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் சாம்பியன் ஆகத்தான் செய்கிறார்கள். ஆனால் இதே அணி, கிட்டத்தட்ட இதே ஆட்களோடு, அதற்கு முந்தைய வருஷம் அந்தப் போட்டியின் வரலாற்றில் எந்த ஆண்கள் அணியும் தோற்காத விதத்தில் தோற்றிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த சீசனைப் பற்றிப் பேச முடியாது.

முந்தைய வருஷம் அப்படி என்ன நடந்தது?

முதலில் போட்டியின் அமைப்பு. மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டியில் 68 கல்லூரி அணிகள் ஆடும். தொடக்க ஆட்டங்களில் அது 64 ஆகக் குறையும். நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள். அதைத்தான் சீட் என்கிறார்கள். முதல் சுற்றில் 1-ம் சீட் அணியும் 16-ம் சீட் அணியும் மோதும். ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். அணிகள் 64 ஆக உயர்ந்த 1985-லிருந்து 2017 வரை ஆண்கள் போட்டியில் 16-ம் சீட் அணி ஒரு தடவைகூட 1-ம் சீட் அணியை வென்றதில்லை. (பெண்கள் போட்டியில் 1998-லேயே ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை வென்று அதைச் செய்துவிட்டது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.)

2018-ல் வர்ஜீனியா வெறும் 1-ம் சீட் மட்டும் அல்ல, மொத்தப் போட்டிக்கும் முதல் இடம். 31 வெற்றி, 2 தோல்வி. எதிரே வந்தது யு.எம்.பி.சி. என்ற மேரிலாந்து மாநிலப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பு அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அங்குள்ள செஸ் அணியை வைத்துத்தான் பெரும்பாலும் கேள்விப்பட்டிருப்பார்கள். மார்ச் 16, வட கரோலினாவின் ஷார்லட் நகரம். இடைவேளையில் 21-21. அதற்கு அப்புறம் வர்ஜீனியா நொறுங்கிப்போனது. ஜைரஸ் லைல்ஸ் என்ற யு.எம்.பி.சி. வீரர் 28 பாயிண்ட் எடுத்தார். கடைசியில் 74-54. இருபது பாயிண்ட் வித்தியாசம்.

போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்பு வர்ஜீனியாவின் முக்கிய வீரர் டியாண்ட்ரே ஹன்டருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது உண்மை. ஆனால் இருபது பாயிண்ட் தோல்விக்கு அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வர்ஜீனியா கோச்சும் சொல்லவில்லை.

அந்த கோச் யார்?

டோனி பென்னட். 2009-ல் வர்ஜீனியாவுக்கு வந்தவர். கல்லூரி நாட்களில் அருமையான த்ரீ பாயிண்ட் ஷூட்டர் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட்), அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.விலும் ஆடியிருக்கிறார். அப்பா டிக் பென்னட்டும் கோச். 2000-ல் விஸ்கான்சின் அணியைத் தேசியப் போட்டியின் அரையிறுதி வரை கூட்டிப்போனவர்.

யு.எம்.பி.சி.யிடம் தோற்ற இரவு, பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். எதிரணி எல்லா வகையிலும் தங்களைவிட நன்றாக ஆடியது என்று ஒத்துக்கொண்டார். நடுவரைக் குறை சொல்லவில்லை, காயத்தைக் காட்டவில்லை, பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த அணி மேல் பிடிப்பு வந்தது.

தோற்ற பிறகு வீரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். இவர்கள் எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். நாடு முழுக்கக் கேலி. மிரட்டல் செய்திகள்கூட வந்தன. கைல் கை என்ற கார்ட் (பந்தைக் கையாளும், வெளியிலிருந்து ஷாட் போடும் வீரர்), தனக்கு ஏற்கெனவே மனப்பதற்றம் இருப்பதையும் அதற்கு உதவி பெற்றுக்கொண்டிருப்பதையும் தனக்குத்தானே எழுதிய கடிதமாக ஃபேஸ்புக்கில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார். ஒரு விளையாட்டு வீரர் அந்த வயதில் அதைச் செய்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்ற நிமிடத்தில் தான் குனிந்து நிற்கிற, எதிரணி கொண்டாடுகிற படத்தை எடுத்துத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் முகப்படமாகவும் வைத்துக்கொண்டார்.

பென்னட் ஒரு கதைசொல்லியின் பேச்சை வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால், வேறு எந்த வழியிலும் போக முடியாத இடத்துக்கு அது நம்மைக் கொண்டுபோகும் என்பது அதன் சாரம். சீசன் முழுக்க அணியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எந்த ஊருக்குப் போனாலும் நிருபர்கள் யு.எம்.பி.சி. பற்றியே கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்கள். "அதைப் பற்றிப் பேச மாட்டோம்" என்று யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

அணியில் யார் யார் இருந்தார்கள்?

மூன்று பேரைச் சுற்றித்தான் ஆட்டமே. டை ஜெரோம் பந்தைக் கொண்டுபோகிறவர், பதற்றமே தெரியாது. கைல் ஓடிக்கொண்டே இருப்பார். தடுப்பவர் அரை அடி பின்தங்கினால் பந்து கையை விட்டுப் போயிருக்கும். டியாண்ட்ரே ஹன்டர் 6 அடி 7 அங்குலம். கார்டையும் தடுப்பார், உயரமானவரையும் தடுப்பார். அந்த வருஷம் நாட்டின் சிறந்த டிஃபன்ஸ் வீரர் விருது ஒன்றும் வாங்கினார்.

அவர்களோடு கினி நாட்டில் பிறந்த மமாடி டியாகிடே, நியூசிலாந்தின் ஜாக் சால்ட், அலபாமாவிலிருந்து மாறி வந்த பிராக்ஸ்டன் கீ, ஏழடி ஜே ஹஃப். அப்புறம் முதலாண்டு மாணவர் கிஹே கிளார்க். உயரம் 5 அடி 9 அங்குலம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியா ஆட்டம் போரடிக்கும் என்கிறார்களே?

நாட்டிலேயே மிக மெதுவாக ஆடுகிற அணி என்பது உண்மை. ஷாட் போட ஒரு அணிக்குக் கிடைக்கும் 30 விநாடியில் பெரும்பகுதியைப் பயன்படுத்துவார்கள். எதிரணியையும் அவசரமாக ஷாட் போட விடமாட்டார்கள். எதிரணிகள் சராசரியாக 56 பாயிண்ட் அளவில்தான் எடுத்தன. ஓடி ஓடி டங்க் அடிப்பதைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

ஆனால் அந்த டிஃபன்ஸைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதற்கு பேக்-லைன் என்று பெயர். பென்னட்டின் அப்பா உருவாக்கியது. ரிங்கைச் சுற்றி சுமார் 16 அடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கிப் பிடிப்பார். மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்பார்கள். பந்தோடு உள்ளே புகுந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் இருப்பார். பந்து வெளியே பாஸ் ஆனதும், அந்தப் பக்கத்து ஆள் கையைத் தூக்கிக்கொண்டு குறுகிய அடிகளாக ஓடிப்போய் ஷூட்டரை மறைப்பார். பாஸ் மாற மாற ஐந்து பேரும் ஒன்றாக நகர்வார்கள். ஒருவர் அரை விநாடி தூங்கினாலும் முழு அமைப்பும் ஓட்டையாகிவிடும். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நம்பினால் மட்டுமே நடக்கிற காரியம் இது. எனக்கு இதைப் பார்த்துச் சலித்ததே இல்லை.

தோற்ற பிறகும் அதே முறைதானா? எதையும் மாற்றவில்லையா?

டிஃபன்ஸைத் தொடவில்லை. 2018 தோல்விக்கு அடுத்த நாளே, இந்த மெதுவான முறை மார்ச்சில் செல்லாது, பென்னட் மாற வேண்டும் என்று எழுதித் தள்ளினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல், மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினார். ஸ்கிரீனைச் சுற்றி (தடுப்பவரை மறித்து நிற்கும் சக வீரரைச் சுற்றி) ஓடிக்கொண்டே இருக்கிற பழைய ஆட்டத்தோடு, பந்து வைத்திருப்பவருக்கே ஸ்கிரீன் போடுகிற முறையை அதிகமாகச் சேர்த்தார். ஜெரோம் கையில் பந்து, பக்கவாட்டில் கைலும் ஹன்டரும் என்றால் எந்த டிஃபன்ஸுக்கும் தலைவலிதான்.

இந்த சீசனில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த முடிவுதான். அவ்வளவு பெரிய அடி வாங்கினால் எல்லாவற்றையும் போட்டு உடைத்து மாற்றத்தான் யாருக்கும் கை பரபரக்கும். அப்படிச் செய்யாமல், எது சரி, எது போதவில்லை என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க ஒரு தெளிவு வேண்டும்.

தேசியப் போட்டிக்கு முன்பு எப்படி ஆடினார்கள்?

நன்றாக. நவம்பரில் பஹாமாஸ் தீவில் நடந்த போட்டியில் விஸ்கான்சினை வென்று கோப்பை. ஏ.சி.சி. என்ற அவர்களுடைய கல்லூரி லீக்கில் 16 வெற்றி, 2 தோல்வி. வட கரோலினாவோடு சேர்ந்து முதலிடம். அந்த இரண்டு தோல்வியும் டியூக்கிடம். ஸையன் வில்லியம்சன், ஆர்.ஜே. பாரெட் என்ற இரண்டு நட்சத்திரங்கள் இருந்த டியூக். ஜனவரியில் 72-70, பிப்ரவரி 9-ல் சொந்த மைதானத்திலேயே 81-71. அதற்கு இரண்டே நாளில் சேப்பல் ஹில் போய் வட கரோலினாவை அவர்கள் ஊரிலேயே 69-61 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது தோல்வி, ஏ.சி.சி. அரையிறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம்.

மறுபடியும் 16-ம் சீட் அணியோடு ஆடினார்களா?

ஆமாம். மறுபடியும் 1-ம் சீட் என்றால் மறுபடியும் 16-ம் சீட்தான் எதிரே வரும். மார்ச் 22, தென் கரோலினாவின் கொலம்பியா நகரம், எதிரணி கார்ட்னர்-வெப். முதல் பாதியில் ஒரு கட்டத்தில் வர்ஜீனியா 14 பாயிண்ட் பின்தங்கியது. அரங்கத்தில் எல்லோர் மனசிலும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கும். வர்ஜீனியா வீரர்கள் முகத்திலும் அது தெரிந்தது. இடைவேளையில் 36-30, இன்னும் பின்னால்தான். இரண்டாம் பாதியில் டிஃபன்ஸ் இறுகியது, டியாகிடே உள்ளே புகுந்து புகுந்து ஆடினார், 71-56 என்று முடித்தார்கள். அடுத்து ஓக்லஹோமா, 63-51. அதற்கடுத்து ஓரிகன், 53-49.

பர்டூ ஆட்டத்தின் கடைசி ஆறு விநாடியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

மார்ச் 30, லூயிவில். ஜெயித்தால் அரையிறுதி. வர்ஜீனியா அரையிறுதிக்குப் போய் 1984-லிருந்து 35 வருஷம் ஆகியிருந்தது. பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 பாயிண்ட் எடுத்தார். அதில் பத்து த்ரீ பாயிண்டர். சில ஷாட்கள் எங்கிருந்து போட்டார் என்று பார்த்தால் நம்ப முடியாது. இந்தப் பக்கம் கைல் 25, ஜெரோம் 24.

5.9 விநாடி மிச்சம். பர்டூ 70-67 என்று முன்னால். ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காக, தடுக்க ஆள் இல்லாமல் போடும் ஒரு பாயிண்ட் ஷாட்). முதலாவது விழுந்தது. 70-68. இரண்டாவது ரிங்கில் பட்டு வெளியே வந்தது. டியாகிடே கூட்டத்துக்குள்ளிருந்து எம்பிப் பந்தைத் தட்டிவிட்டார். அது யார் கைக்கும் போகாமல், நடுக்கோட்டையும் தாண்டி வர்ஜீனியாவின் சொந்தப் பாதிக்கு உருண்டோடியது. அதைத் துரத்திக்கொண்டு ஓடியவர் கிளார்க். பந்தைப் பிடித்துத் திரும்பும்போது மூன்று விநாடிக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அங்கிருந்தே தூக்கி எறிந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. வழியில் ஜெரோம் பந்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்; அவருக்குக் கொடுத்திருந்தால் அவரும் தூரத்திலிருந்துதான் எறிந்திருக்க வேண்டும். கிளார்க் இரண்டையும் செய்யவில்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள்) நிமிர்ந்து பார்த்தார், மறுபாதியில் ரிங்குக்குச் சற்று முன்னால் நின்ற டியாகிடேயைக் கண்டார், நேர்கோட்டில் ஒரு பாஸ். டியாகிடே வாங்கிய அதே அசைவில் பந்தை விட்டார். எதிரே கையை உயர்த்தி நின்ற மாட் ஹார்ம்ஸ் 7 அடி 3 அங்குலம். பந்து அவர் விரல்களுக்கு மேலே போய் விழுந்தது. பஸ்ஸர் ஒலித்தபோது பந்து கையில் இல்லை. 70-70.

ஓவர்டைமில் 80-75. டியாகிடேயின் ஷாட்டைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் பாஸ்தான் பெரிது. அணியிலேயே உயரம் குறைந்த, அனுபவமும் குறைந்த பையன், அவ்வளவு குறைந்த நேரத்தில் நின்று நிதானித்துச் சரியான ஆளைத் தேடியிருக்கிறார்.

ஆபர்னை ஏமாற்றி ஜெயித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஏமாற்றவில்லை. ஆனால் ஆபர்ன் ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஏப்ரல் 6, மின்னியாபொலிஸ், அரையிறுதி. ஐந்து நிமிடம் இருக்கும்போது வர்ஜீனியா பத்து பாயிண்ட் முன்னால் இருந்தது. ஆபர்ன் தொடர்ச்சியாக 14 பாயிண்ட் எடுத்து 61-57 என்று முந்திவிட்டது. கைல் மூலையிலிருந்து ஒரு த்ரீ போட்டார், 61-60. ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ எடுத்தது, 62-60. அப்புறம் ஜெரோம் பந்தைக் கொண்டுவரும்போது பந்து அவர் காலிலேயே பட்டுத் தெறித்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு மறுபடி டிரிபிள் செய்தார். அது டபுள் டிரிபிள்; ஒரு தடவை பிடித்துவிட்ட பந்தை மறுபடி தட்டக் கூடாது. பந்து ஆபர்னுக்குப் போயிருக்க வேண்டும். நடுவர்கள் கவனிக்கவில்லை. ஆபர்ன் வீரர் ஜெரோமின் சட்டையைப் பிடித்து இழுத்ததும் கவனிக்கப்படவில்லை என்று வர்ஜீனியாக்காரர்கள் சொல்வார்கள்; அதுவும் வீடியோவில் தெரிகிறது.

1.5 விநாடி மிச்சம் இருக்கையில் பந்து மறுபடி உள்ளே வந்தது. கைல் மூலையிலிருந்து எம்பி ஷாட் போட, ஆபர்ன் வீரர் அவர் இறங்குவதற்கு இடம் கொடுக்காமல் வந்து மோதினார். ஃபவுல். இது சரியான முடிவு; ஆட்டத்தின் எந்த நிமிடத்தில் நடந்திருந்தாலும் ஃபவுல்தான். 0.6 விநாடி மிச்சம். மூன்று ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. 62-62. கைலின் மனதைக் கலைக்க ஆபர்ன் கோச் டைம் அவுட் கேட்டார். திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டார் கைல். 63-62. முந்தைய வருஷம் மனப்பதற்றத்தைப் பற்றி ஊரறிய எழுதிய அதே பையன்.

ஃபைனல் எப்படி?

ஏப்ரல் 8, டெக்சஸ் டெக். இரண்டு அணிக்குமே அது முதல் ஃபைனல். அரங்கில் 72,062 பேர். இரண்டுமே டிஃபன்ஸ் அணிகள் என்பதால் ஐம்பது பாயிண்டைத் தாண்டுமா என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு.

பன்னிரண்டு விநாடி சொச்சம் இருக்கையில் டெக் 68-65 என்று முன்னால். ஜெரோம் உள்ளே புகுந்து, தடுக்கிற ஆட்களை இழுத்துக்கொண்டு, வலது மூலைக்குப் பந்தைத் தள்ளினார். அங்கே ஹன்டர். த்ரீ. 68-68. மறுமுனையில் டெக்கின் நட்சத்திரம் ஜாரெட் கல்வரின் கடைசி ஷாட்டை பிராக்ஸ்டன் கீ தடுத்தார். ஓவர்டைமில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோவில் பன்னிரண்டையும் போட்டு 85-77 என்று முடித்தார்கள். ஹன்டர் 27 பாயிண்ட். முந்தைய வருஷம் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தவர். அவர் தடுத்த கல்வர் 22 ஷாட்டில் 5 மட்டுமே போட்டார். கைல் கடைசிக் கட்டப் போட்டிகளின் சிறந்த வீரர்.

அப்படியானால் இது அதிர்ஷ்டத்தில் வந்த கோப்பையா?

கடைசி மூன்று ஆட்டங்களிலும் தோல்விக்கு ஒரு ஷாட் தூரத்தில் இருந்தார்கள். டியாகிடே தட்டிய பந்து இரண்டடி தள்ளிப் போயிருந்தால் இந்தப் பக்கமே கிடையாது. அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அதே கண்ணால்தான் 2018-ஐயும் பார்க்க வேண்டும். அந்த ஒரு இரவை வைத்து, 31 ஆட்டம் ஜெயித்த அணியை உதவாக்கரை என்றார்கள். பலர் இந்த சீசனைப் பாவமன்னிப்புக் கதை மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பையன்கள் ஒரு ஆட்டத்தில் தோற்றார்களே தவிர, எந்தக் குற்றமும் செய்யவில்லை. 2019-ல் கோப்பை கிடைக்காமல் போயிருந்தாலும், அந்த வருஷம் முழுக்க அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அதற்குப் பிறகு என்ன ஆனது?

ஹன்டர், ஜெரோம், கைல் மூவரும் அந்த ஜூனிலேயே என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார்கள், ஹன்டர் நான்காவது ஆளாக. 2020-ல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021-ல் முதல் சுற்றிலேயே ஓஹாயோவிடம் தோல்வி.

2023-ல் நடந்ததுதான் மனதைப் பிசைகிறது. கிளார்க் ஐந்தாவது வருஷமும் தங்கி ஆடினார். முதல் சுற்றில் ஃபர்மன் அணியோடு, கடைசி விநாடிகளில் முன்னணியில் இருக்கையில் இரண்டு பேர் அவரை மூலையில் மடக்கினார்கள். தூக்கி எறிந்த பாஸ் நேராக எதிரணி கைக்குப் போனது. அடுத்த கணம் த்ரீ. 68-67 தோல்வி. பர்டூவுக்கு எதிராக அந்த பாஸைக் கொடுத்த அதே கை. ஆட்டம் முடிந்ததும் அவரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வு பெற்றார். மாணவர்களுக்குப் பணம், வருஷா வருஷம் கல்லூரி மாறுதல் என்று மாறிவிட்ட இன்றைய சூழலுக்குத் தான் சரியான ஆள் இல்லை என்றார். 2025 மார்ச்சில் வர்ஜீனியா புது கோச்சை நியமித்தது: ரயன் ஓடம். 2018-ல் யு.எம்.பி.சி.யை வைத்து வர்ஜீனியாவை வீழ்த்தியவர் அவர்தான். அவருடைய அப்பா முன்பு வர்ஜீனியாவில் உதவி கோச்சாக இருந்தவர், சிறு வயதில் அந்த அணியின் பந்து எடுத்துப்போடும் பையனாக இருந்தவர் ரயன்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

பர்டூ ஆட்டம். துண்டு வீடியோவாக வேண்டாம், முழுதாகப் பாருங்கள். எட்வர்ட்ஸ் ஒவ்வொரு த்ரீயாகப் போடப் போட வர்ஜீனியா டிஃபன்ஸ் கலையாமல் தன் வேலையைச் செய்வது அப்போதுதான் தெரியும். நேரம் இருந்தால் அதற்கு முன்பு யு.எம்.பி.சி. ஆட்டத்தின் இரண்டாம் பாதியையும் பாருங்கள். லைல்ஸ் அன்று ஆடிய ஆட்டம் அதற்குத் தகுதியானது.